பத்துக்கு ஒன்பது

1993 அக்டோபர் முதல் சனிக்கிழமை, காலை ஏழரை மணிக்கு விழுப்புரத்தில் பாசஞ்சர் வண்டி ஏறினேன். விருத்தாசலம் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கையில் ஓர் அட்டை இருந்தது. நீளம் பதினெட்டு அங்குலம், அகலம் ஒன்பது. என் மனைவியின் கல்லறையில் பெயர்ப்பலகை பதிக்க மேஸ்திரி விட்டிருந்த குழியின் அளவு அது. நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளுக்குள் பலகை வேண்டும். வெயிலிலும் மழையிலும் எழுத்து அழியாது என்று பீங்கானைத் தேர்ந்தெடுத்தேன்.

ஸ்டேஷனிலிருந்து ரிக்‌ஷாவுக்கு ஐந்து ரூபாய். "பீங்கான் கம்பெனிங்களா? அங்க எல்லாத்து மேலயும் வெள்ளை படிஞ்சிருக்கும்ங்க," என்றார் ஓட்டுநர். உண்மைதான். வேப்பமரத்து இலைகூட மாவு பூசியதுபோல நின்றது.

நான் போனது ஒரு சின்னப் பட்டறை. வார்ப்பு வேலை பார்க்கும் அஞ்சலை என்ற பெண் அட்டையை வாங்கிப் பார்த்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், முழங்கை வரை களிமண் காய்ந்திருந்தது.

"சுட்டா சுருங்கும் சார். பத்துல ஒரு பங்கு போயிடும்."

இருபத்தாறு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். சட்டென்று சொன்னேன்: "அப்போ பத்துல ஒரு பங்கு கூட்டிக்குங்க. பத்தொன்பதே முக்காலுக்குக் கொஞ்சம் மேல வரும்."

அவர் அலமாரியிலிருந்து சுட்ட மண்பட்டை ஒன்றை எடுத்து ஸ்கேலை வைத்தார். "பச்சையா இருக்கறப்போ இதுல பத்து அங்குலத்துக்குக் கோடு போட்டேன். இப்போ பாருங்க, ஒம்போது. ஒம்போது வேணும்னா பத்து ஊத்தணும். உங்களுக்கு ரெண்டு ஒம்போது வேணும், அப்போ இருபது. அகலம் ஒரு ஒம்போது, அதுக்குப் பத்து."

எனக்கு முகம் சுட்டது. பங்கு போவது பச்சை மண்ணின் அளவில். நானோ சுட்ட அளவில் கூட்டியிருந்தேன். இதே தவற்றுக்காக எத்தனை பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறேன்!

"நீங்க சொன்ன அளவுல செஞ்சா கொஞ்சூண்டுதான் குறையும்," என்றார், என்னைச் சமாதானப்படுத்துவதுபோல. "ஆனா அந்த இடுக்குல மழைத்தண்ணி பூந்துடும் சார். ரெண்டு மழையில பலகை கழண்டுடும்."

பலகைக்கு விலை எண்பது ரூபாய். பெயரும் தேதியும் எழுதிய தாளைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினேன்.

அக்டோபர் கடைசி சனிக்கிழமை மறுபடி போனேன். வழியெல்லாம் மழை, உளுந்தூர்பேட்டையில் வண்டி முக்கால் மணி நேரம் நின்றது. பட்டறையில் அஞ்சலை என் அட்டையைப் பலகைமேல் வைத்தார். நான்கு ஓரமும் சேர்ந்து நின்றன. பிறகு எழுத்து சரியா என்று பார்க்க, நீல எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டு உரக்கப் படித்தார்: "தெ... ரே... சா. தெரேசா. பேரு சரியா இருக்குதுங்களா சார்?"

என் மனைவி போய்ப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. என் மனம் நோகும் என்று எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. மகள்கூட 'அம்மா' என்ற சொல்லை என் எதிரில் பாதியிலேயே விழுங்கிவிடுவாள்.

"சரியாத்தான் இருக்கு," என்றேன். "இன்னொரு தரம் படிங்கம்மா."

என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, இந்த முறை எழுத்துக்கூட்டாமல், பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுவதுபோல இயல்பாகப் படித்தார்.

மாலை வண்டியில் பலகையை வைக்கோல் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மேஸ்திரி அதைக் குழியில் இறக்கியபோது நகம் நுழையவும் இடமில்லை. எங்கள் ஊரில் துக்கத்துக்கு மரியாதை என்றால் பேசாமல் இருப்பது. விருத்தாசலத்தில், முன்பின் தெரியாத ஒரு பெண், எழுத்துப்பிழை வந்துவிடக் கூடாதே என்ற அக்கறையில் என் மனைவியின் பெயரைச் சத்தமாகச் சொன்னார். அந்த ஊரை அதற்காகவே நினைத்துக்கொள்கிறேன்.