இடிக்குப் பயந்து பிடுங்கிய பிளக்

கதவுத் துளையில் கண்ணை வைத்து, படிக்கட்டில் ஆள் அரவம் இல்லை என்று உறுதியான பிறகுதான் இர்மெலி குப்பைப் பையோடு வெளியே வருவார். எதிர்க் கதவுக்குப் பின்னால் நானும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருப்பேன். அவர் முதலில் போகட்டும் என்று நானும், நான் போகட்டும் என்று அவரும் துளைக்குத் துளை காத்து நின்ற காலைகள் உண்டு. இதில் கோபமோ பகையோ கிடையாது. வடகோடிப் பனிநாட்டுக் கெமி ஊரில், எங்கள் அடுக்குமாடியில், இதற்குப் பெயர் மரியாதை.

பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷத்துக்கு மேல் கரண்டி பிடித்தவர் இர்மெலி. ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் அந்தக் கைக்கு ஓய்வு கிடைத்த செய்தி போய்ச் சேரவில்லை. வியாழக்கிழமை தவறாமல் பட்டாணி சூப் வைப்பார். அது ஒரு ஆளுக்கு வைத்த சூப்பாக ஒருநாளும் இருந்ததில்லை. மிச்சத்தைப் பழைய ஐஸ்கிரீம் டப்பாக்களில் ஊற்றி உறைய வைத்துவிடுவார். அக்கம்பக்கத்தில் கொடுக்கலாமே என்று ஒருமுறை லிஃப்டில் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "குடுக்கலாம். அப்புறம் டப்பாவத் திருப்பித் தரணுமேன்னு அவங்களுக்கு ஒரு கவலை. எதுக்கு அது?" என்றார். ஆகவே வியாழக்கிழமைகளில் எனக்கு வாசனை மட்டும் வந்துகொண்டிருக்கிறது.

குள்ளமான உருவம். கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி. குரல் மட்டும் ஆளுக்குப் பொருந்தாமல் பெரியது. முந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய குரல். அதையும் இப்போது பயன்படுத்த இடமில்லாமல் சுருட்டி வைத்திருக்கிறார். கடைக்காரப் பெண்ணிடம் ஒரு "நன்றி", பேருந்து ஓட்டுநருக்கு ஒரு தலையசைப்பு. சில நாட்களில் அவ்வளவுதான் அவருடைய பேச்சு.

போன ஜூலையில் ஒரு மத்தியானம் கடல் பக்கமிருந்து இடி முழங்கிக்கொண்டு வந்தது. இடி கேட்டால் வீட்டிலுள்ள பிளக்குகளைப் பிடுங்கிவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே கற்றுக்கொள்வது. நானும் பிடுங்கினேன். இர்மெலியும் டிவி, காப்பி இயந்திரம் என்று வரிசையாகப் பிடுங்கிக்கொண்டு போய்க் கடைசியில் கம்ப்யூட்டரையும் பிடுங்கினார். அப்போது அது பிரவுசர் உட்பட மொத்தமாகத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு பாதி வழியில் இருந்தது.

மறுநாள் காலை என் அழைப்புமணி அடித்தது. தீயணைப்பு ஆட்களாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. துளையில் பார்த்தால் இர்மெலி.

"கௌகோ, உனக்கு வேலை இருக்கும். அப்புறம் பாத்துக்கலாம்." நான் கதவைத் திறந்ததும் திரும்பிப் போகவே ஆரம்பித்துவிட்டார்.

"ஓய்வுல கிடக்கிறவனுக்கு என்ன வேலை? சொல்லு."

"ஒண்ணுமில்ல. கம்ப்யூட்டர் எந்திரிக்க மாட்டேங்குது."

பனியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டு கட்டோடு வந்த அன்றும் இவர் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொன்னார். விஷயம் பெரிது என்று தெரிந்துகொண்டு செருப்பை மாட்டினேன்.

எதிர்வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் உள்ளே போனது அன்றுதான். மேஜைக்கு ஒரே நாற்காலி. மேஜைமேல் கம்ப்யூட்டர், பக்கத்தில் ஒரு சதுரங்கப் பலகை, பாதி ஆட்டத்தில் நின்ற காய்களோடு. எனக்கு உட்காரச் சமையலறையிலிருந்து முக்காலி வந்தது.

"அப்டேட் ஓடும்போது அணைக்காதீங்கன்னு அதுல எழுதியிருக்குமே?"

"எழுதித்தான் இருந்துச்சு. இடிக்குப் படிக்கத் தெரியுமா?"

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். என்னுடைய கம்ப்யூட்டர்கள் இரண்டைக் கொன்ற அனுபவம் எனக்கு உண்டு, அதை முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "ரெண்டுதானா? அப்ப நீ கால் வைத்தியன்கூட இல்ல" என்றார் இர்மெலி. சிரித்தார் என்றாலும் கை மேஜை விளிம்பை இறுகப் பிடித்திருந்தது.

பிளக்கை மாட்டி முடுக்கினால் நீலத் திரை வந்தது. தன்னைத்தானே சரிசெய்து பார்ப்பதாகச் சொல்லும், முடியவில்லை என்று சொல்லும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். கடைசியில் நமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும் வழிதான் எனக்குப் பழக்கம்.

"படம், கடிதம்னு ஏதாவது வெச்சிருக்கியா?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப மொத்தமா அழிச்சிடறேன்."

விரலை நீட்டினேன். இர்மெலி என் மணிக்கட்டைப் பிடித்தார். எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் தொடுவது வழக்கமில்லை. இருவருக்கும் வெட்கமாகப் போயிற்று. கையை எடுத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"அதுல ஒருத்தர் இருக்கார்."

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. சதுரங்கம் ஆடும் ஒரு இணையதளம். எதிரே ஆடுபவர் அங்கே வைத்துக்கொண்டிருக்கும் பெயர் லொக்கி. ஒரு ஆட்டம் முடிந்தால் அடுத்தது. ஒரு நகர்த்தலுக்கு நாலு நாள் கெடு. தவறினால் ஆட்டம் போச்சு. இந்த முறை யோசித்து யோசித்துத் தள்ளிப்போட்டதில் கெடு அன்று சாயங்காலத்தோடு முடிகிறது. கடவுச்சொல் பிரவுசருக்குத்தான் தெரியும். கணக்கைத் தொடங்கியது பள்ளிக்கூட மின்னஞ்சலில். ஓய்வு பெற்றதும் பள்ளிக்கூடம் அதை மூடிவிட்டது, ஆகவே புதுக் கடவுச்சொல் வாங்கவும் வழியில்லை.

"லொக்கி ஆணா, பொண்ணா?"

"கேக்கல."

"எந்த ஊரு?"

"கேக்கல. ஆனா அங்க நமக்கு முன்னாடியே பனி விழுது."

"ஏதாவது பேசுவீங்களா?"

"நகர்த்தும்போது கீழ ஒரு வரி எழுதலாம். இன்னிக்கு மழைன்னு போடுவேன். இங்க காத்துன்னு வரும். ஏழு வருஷமா."

"ஏழு வருஷமா பேர்கூடக் கேக்கலியா?"

"அவங்க சொல்லலியே. சொல்லாதத எதுக்குக் கேக்கறது?"

நானாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். புதுக் கணக்கு ஒன்று தொடங்கி லொக்கியைத் தேடிப்போனால் என்ன என்றேன். இர்மெலிக்கு முகம் சிவந்துவிட்டது. "முன்ன பின்ன தெரியாத ஆளு மாதிரி போய் நின்னு, நாந்தான்னு சொல்லவா? அந்தத் தொந்தரவு நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்."

பொய் சொல்வானேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு சுவர் தள்ளி இருக்கும் எனக்குக் கிடைக்காத மழையும் காற்றும் எங்கோ இருக்கும் ஒரு லொக்கிக்கு ஏழு வருஷமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அழிக்கும் வழியை விட்டுவிட்டு மற்ற வழிகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். அப்டேட்டுக்கு முந்தைய நிலைக்குத் திரும்பும் வழி ஒன்று இருந்தது. சொந்தத் தகவல்களைத் தொடாது என்றும் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதை நம்பி அழுத்தினேன். கோடு ஒன்று ஊர ஆரம்பித்தது. நடுவில் நின்றுவிட்டது போலிருக்க, நான் பொத்தானைத் தட்டப் போனேன்.

"கொதிக்கிற வரைக்கும் மூடியத் திறக்காதே," என்றது பள்ளிக்கூடக் குரல். கையை மடக்கிக்கொண்டேன்.

காப்பி ஊற்றினார். தான் உட்காரவில்லை, சதுரங்கக் காய்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியால் துடைத்து, அதே கட்டத்தில் வைத்துக்கொண்டிருந்தார். எதிராளியின் காய்களையும்தான். அந்த வீட்டில் லொக்கியின் கருப்புக் குதிரையை நகர்த்துவதும் இவருடைய கைதான் என்று அப்போது புரிந்தது.

கம்ப்யூட்டர் எழுந்தது. பிரவுசர் பழைய முகத்தோடு திறந்தது. கடவுச்சொல் கேட்ட இடத்தில் புள்ளிகள் தாமாகவே வந்து உட்கார்ந்தன. "போ போ, உள்ள போ," என்று இர்மெலி அதட்டினார், யாரை என்று தெரியவில்லை. ஆட்டம் வந்தது, கெடு இன்னும் தீரவில்லை. ராணியை இரண்டு கட்டம் தள்ளிவைத்துவிட்டு, மழையைப் பற்றி எழுத வேண்டிய இடத்துக்கு வந்தார்.

அங்கே ஏற்கெனவே ஒரு வரி இருந்தது, தன் முறைக்குக் காத்திராமல் லொக்கி முந்தின ராத்திரி எழுதியது. அதில் மழையும் இல்லை, காற்றும் இல்லை.

"எங்க போயிட்ட?"

இர்மெலி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார். நான் எட்டிப் பார்ப்பதைக் கண்டதும் உள்ளங்கையைத் திரையில் வைத்து அந்த வரியை மூடினார்.

"காப்பி ஆறிடும், குடி," என்றார்.

குடித்தேன். முக்காலியைச் சமையலறையில் கொண்டுபோய் வைத்தேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் கையை எடுக்கவில்லை.