சந்தனப் பொட்டு வைத்த டிஸ்கெட்

சரக்கைக் கையில் வாங்கிவிட்டால் சேர்க்காமல் விடமாட்டான் என்று மலேசியாவில், சிரம்பான் வட்டாரத்தில் என்னைப் பற்றிச் சொல்வார்கள். பெரும்பாலும் நானேதான் சொல்வேன், ஆனாலும் பொய்யில்லை. இன்றைக்குப் பதினொரு லாரிகள் என் பெயரைக் கதவில் எழுதிக்கொண்டு ஓடுகின்றன. நான் படித்ததோ தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும்தான். என் ஆபீஸில் வேலை பார்க்கும் பட்டதாரிப் பிள்ளைகளின் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால், “தள்ளுங்கலா, நீங்க பிறக்கிறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்தவன் நான்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவேன். அவர்களும் மரியாதைக்குச் சிரிப்பார்கள்.

ரிப்பேர் பார்த்தது நான் இல்லை. நான் ஓடினேன், அவ்வளவுதான். ஆனால் நான் ஓடாமல் இருந்திருந்தால் அன்றைக்கு ஒன்றும் நடந்திருக்காது.

பெடாஸிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையின் கடைசியில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். எண்பதுகளின் நடுவில், எனக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது, அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. சிரம்பானில் ஏதோ ஆபீஸில் கழித்துப் போட்டதை, தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் மகன் அருள் அண்ணன் கேட்டு வாங்கி, அரிசி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். இளைஞர் மன்றக் கூடத்தில் அதை வைத்து, கம்ப்யூட்டர் குழு என்று ஒன்று ஆரம்பித்தார்கள். எட்டுப் பேர். சம்பளமில்லாத வேலை என்பதால் எட்டுப் பேரும் முதலாளிகள். யார் நாற்காலியில் உட்காருவது, யார் துணி போட்டு மூடுவது, யார் செருப்போடு உள்ளே வந்தது என்று வாரம் தவறாமல் சண்டை நடக்கும். மன்றத்துப் பூட்டு, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோருடையது. அதனால் அவர்தான் தலைவர். கம்ப்யூட்டரைப் பற்றித் தெரிந்தவர் அருள் அண்ணன். அதனால் அவர் தலைவராக முடியவில்லை.

எட்டுப் பேரில் ஒருத்தி என் அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. காலையில் பால்மரம் வெட்டுவாள், ரப்பர் மரத்தில் பட்டை சீவிப் பால் எடுக்கிற வேலை. மத்தியானம் குளித்து, ஈரத் தலையோடு மன்றத்துக்குப் போவாள். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை நிறுத்தியவள், மூன்றே மாதத்தில் பார்க்காமல் தட்டெழுதக் கற்றுக்கொண்டாள். தோட்டத்தை விற்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட காலம் அது. எங்களுக்கு வீட்டு மனை வேண்டும் என்று மனுக் கொடுக்க, லயத்து வரிசை வீடுகளிலிருந்த ஒவ்வொரு குடும்பத்தின் பெயரையும், பிறந்த ஊரையும், தோட்டத்தில் உழைத்த வருஷங்களையும் அத்தைதான் தட்டெழுதினாள். எல்லாம் ஒரே ஒரு டிஸ்கெட்டில் இருந்தது. அந்தக் காலத்து டிஸ்கெட் உள்ளங்கை அகலத்தில் கறுப்பு உறைக்குள் மெல்லிய வட்டத் தகடு. உறையில் நீளவாக்கில் ஒரு திறப்பு. அதன் வழியாகத்தான் இயந்திரம் தகட்டைப் படிக்கும். “இன்னொண்ணுல காப்பி எடுத்து வைக்கணும்” என்று அருள் அண்ணன் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். குழுவிடம் இருந்த இன்னொரு டிஸ்கெட்டில் மண்டோர் தம் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டுத் திருவிழா அழைப்பிதழ் அடித்து வைத்திருந்தார். அதைத் தம் வீட்டு அலமாரியில் பூட்டியும் வைத்திருந்தார்.

அத்தைக்கும் அருள் அண்ணனுக்கும் ஆகவே ஆகாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் ஒன்று சொன்னால் இவள் இரண்டு சொல்வாள். “உங்களுக்குத் தெரிஞ்ச இங்கிலீசெல்லாம் அந்த மிசினுக்குத்தான் புரியும்” என்பாள். “மிசினாவது கேக்குதே” என்பார் அவர். நானோ அத்தையின் ஆள். சிரம்பானில் லோபாக் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த சீன முதலாளி, லோபாக் தவுக்கே, அருள் அண்ணனை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டபோது, ஒழிந்தது சனியன் என்று சந்தோஷப்பட்டேன். அவர் என்னவோ இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டிலும் கோலா கிளாவாங்கிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. அத்தையும் இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஆயுத பூஜை வந்தது. பால் வெட்டும் உளி, பால் பிடிக்கும் மங்கு, லாரி, தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர் கிராணியின் ஊசிப் பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த பிறகு மண்டோர் சந்தனக் கிண்ணத்தோடு மன்றத்துக்கு வந்தார். திரைக்கு ஒன்று, விசைப்பலகைக்கு ஒன்று, அச்சு இயந்திரத்துக்கு ஒன்று. கடைசியில் டிஸ்கெட். பொட்டு வைக்கவென்றே விட்டுவைத்த மாதிரி அந்தத் திறப்பு இருக்கிறதே, கை சும்மா இருக்குமா?

“ஐயோ மண்டோரே, அங்க வேணாம்! அதுதான் அதோட உயிரு!” என்று அருள் அண்ணன் பாய்ந்தார்.

“உயிருக்குத்தான்லா பொட்டு வைக்கிறது. பூசைக்கு, சர்ச்சுக்குப் போற வேதக்காரன் நீ வழி சொல்றியா? வெளிய போய் நில்லு. இனிமே இந்தப் பக்கம் வராத!”

மண்டோர் மோதிர விரலால் நல்ல கெட்டியாகச் சந்தனத்தை அப்பினார். அருள் அண்ணன் வாசலில் நின்று அத்தையைப் பார்த்தார். அத்தை குனிந்து சுண்டல் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் இயந்திரத்தைத் திறந்தார்கள். பட்டியலை அச்சடித்து, நாலு மணி வேனில் சிரம்பானுக்குக் கொண்டுபோக வேண்டும். டிஸ்கெட்டைப் போட்டதும் உள்ளே தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. மூன்று மாத உழைப்பு அந்தச் சந்தனத்துக்குக் கீழே இருந்தது.

மீதி ஏழு பேரும் ஒருவரையொருவர் திட்டி முடித்த பிறகு, அத்தை என்னைத் தனியாக இழுத்தாள். “அவர்கிட்ட ஓடிப் போய் டிஸ்கெட் படிக்கலைன்னு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத.”

தோட்டத்திலேயே டெலிபோன், கிராணியின் ஆபீஸில் மட்டும்தான் இருந்தது. மன்றத்திலிருந்து பாடாங் என்கிற விளையாட்டுத் திடல் முழுக்கக் கடந்து, மேட்டில் ஏற வேண்டும். அருள் அண்ணன் தன் அப்பாவான கிராணியைக் கெஞ்சி, துரை சாப்பிட்டுத் திரும்பும்வரை டெலிபோனை வாங்கினார். லோபாக் தவுக்கேயைக் கூப்பிட்டார். தவுக்கே ஒரு வேலையைச் சொல்லி, அது முடிந்ததா என்று கேட்டுத்தான் அடுத்ததைச் சொல்லும் மனிதர். அருள் அண்ணன் மன்றத்துக்குள் வரக்கூடாது. அத்தை அவர் இருக்கும் இடத்துக்குப் போகக்கூடாது. நடுவில் என் இரண்டு கால்கள்.

“சந்தனம் காஞ்சிருச்சா, ஈரமா இருக்கான்னு கேளு. பொட்டு மட்டும்தான் வச்சாங்களா, சுண்டலும் ஊட்டினாங்களான்னும் கேளு” என்றார் அருள் அண்ணன்.

நான் ஓடிப் போய்க் கூடத்தின் நடுவில் நின்று, ஒரு எழுத்துக் குறையாமல் ஒப்பித்தேன். மண்டோர் துள்ளினார். “பாத்தீங்களாலா? வெளிய போயும் வாய் அடங்கலை!”

அத்தை டிஸ்கெட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “காஞ்சிருச்சுன்னு சொல்லு. சுண்டல் அவருக்குன்னு எடுத்து வச்சது, ஆள் வராம ஊசிப் போச்சுன்னும் சொல்லு.”

அதையும் கொண்டு சேர்த்தேன். அருள் அண்ணன் டெலிபோனைக் காதில் வைத்தபடியே சிரித்தார். சுண்டல் ஊசிப் போனதற்கு ஒரு மனிதன் அப்படிச் சந்தோஷப்படுவானா என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சேதி பெரிய சேதி. உறையின் ஓரத்தை பிளேடால் கீற வேண்டும். உள்ளே இருக்கும் தகட்டில் கீறல் படக்கூடாது. தகட்டை விளிம்பில் பிடித்து எடுத்து, சோப்பு போடாமல் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். துடைக்காமல் நிழலில் காயவிட வேண்டும். பிறகு வேறொரு டிஸ்கெட்டின் உறைக்குள் போட வேண்டும். சொல்லிவிட்டு அருள் அண்ணன் என் தோளைப் பிடித்தார். “வேற யாரும் தொட வேணாம். உங்க அத்தை வெட்டட்டும். மரத்துக்கு வலிக்காம பட்டை சீவுற கை அது. பயப்படாம வெட்டச் சொல்லு.”

இதையும் கூடத்தின் நடுவில் நின்று உரக்கச் சொன்னேன். பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அத்தையின் முகம் சிவந்துவிட்டது. என் காதைப் பிடித்துத் திருகினாள்.

“விஷயத்தை மட்டும் சொல்லுடா! மத்ததெல்லாம் எதுக்கு?”

வலித்தது. ஆனால் பாடம் படிந்துவிட்டது. இன்றைக்கும் என் டிரைவர்களிடம் அதைத்தான் சொல்கிறேன்.

மண்டோரின் அழைப்பிதழ் டிஸ்கெட் பலியாக வேண்டியிருந்தது. “என் பேரு போவுதேலா” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, மனிதர் தாமே வீட்டுக்குப் போய் எடுத்து வந்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும். அத்தை பிளேடை உளி பிடிப்பதுபோல் பிடித்தாள். மரத்தில் காயம் படாமல் பட்டையை மட்டும் எடுக்கிற அதே சீவல். உறை வாய் திறந்தது, தகட்டில் ஒரு கோடு விழவில்லை. பூஜைத் தாம்பாளத்தில் மழைத் தண்ணீர் ஊற்றி அலசினாள். சந்தனம் கரைந்து மணத்தது. மண்டோர் தம் டிஸ்கெட்டிலிருந்து உருவிய தகட்டை வெற்றிலைத் தட்டில் வைத்துக்கொண்டு, துக்க வீட்டுக்காரர் மாதிரி ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

தகடு காய்ந்ததும் மூன்றாவது தடவை ஓடினேன். பாடாங்கில் தொட்டாச்சுருங்கி மண்டிக் கிடந்தது, காலில் செருப்பில்லை. ஆபீஸில் கிராணி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அருள் அண்ணன் தவுக்கே சொன்னதைக் கேட்டு என்னிடம் சொன்னார். “டாக்டர் கிராணிகிட்ட ஸ்பிரிட் வாங்கி, மிசினுக்குள்ள படிக்கிற முனையைப் பஞ்சால துடைக்கணும். அப்புறம் போட்டுப் பாக்கணும். படிச்சா உடனே அச்சடிக்கணும், மறுதடவை படிக்கும்னு நம்பக்கூடாது.”

டெலிபோனில் தவுக்கே இன்னும் என்னவோ பேசினார். அருள் அண்ணனின் முகம் மாறியது. டெலிபோனின் பேசும் முனையைக் கையால் பொத்திக்கொண்டு, என் உயரத்துக்குக் குனிந்தார்.

“உங்க அத்தைகிட்ட இதையும் கேளு. இன்னைக்கே வரணும், இல்லாட்டி வேற ஆளாம். நான் லோபாக் போகவா, இங்கயே இருக்கவான்னு கேளு. ஒரு வார்த்தை சொன்னா போதும். ஒண்ணும் சொல்லாட்டி, போயிடுறேன்.”

பாடாங்கைத் தாண்டும்போது நான் யோசித்தேன். ஸ்பிரிட், பஞ்சு, முனை, உடனே அச்சு: இது விஷயம். அவர் லோபாக் போவதும் போகாததும் டிஸ்கெட்டைப் பற்றியதா? இல்லை. காது இன்னும் எரிந்துகொண்டிருந்தது. விஷயத்தை மட்டும் சொன்னேன்.

இயந்திரம் படித்தது. அச்சு ஊசி கிர் கிர்ரென்று ஓடி, எங்கள் லயத்து ஜனங்கள் வரிசையாகக் காகிதத்தில் இறங்கினார்கள். முதல் பக்கத்தில் என் தாத்தா பெயர் வந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். அத்தை என்னைக் கட்டிப் பிடித்து, “ஓடு, போய்ச் சொல்லு!” என்றாள்.

ஓடினேன். “படிக்குது! அச்சு வருது!”

அருள் அண்ணன் எழுந்து நின்றார். “வேற?”

“வேற ஒண்ணும் இல்ல.”

“அத்தை என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லலை.”

நான் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. அவர் கொஞ்ச நேரம் பாடாங்கையே பார்த்தார். பிறகு டெலிபோனில் மலாயில், இன்றைக்கே வருகிறேன் என்றார்.

நாலு மணி வேனில் மண்டோர் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். பின்னால் அருள் அண்ணன், ஒரு துணிப்பையோடு. அத்தை மன்றத்து வாசலுக்கு ஓடிவந்தாள். கையெல்லாம் அச்சு மை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பட்டியல் போய்ச் சேர்ந்தது. பல வருஷம் கழித்து மனையும் கிடைத்தது. என் முதல் லாரியை நிறுத்தியது அந்த மனையில்தான். அருள் அண்ணன் லோபாக்கில் நாலைந்து வருஷம் இருந்துவிட்டு எங்கோ போனார். அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். என் லாரி அந்தத் தெருவில் போக வேண்டிய வேலை இருந்தால், டிரைவரை இறக்கிவிட்டு நானே ஓட்டிப் போவேன். அத்தையைக் கோலா கிளாவாங்கில் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல மனிதர்தான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மலைப் பாதையில் வண்டி ஓட்டிக்கொண்டு போய் அத்தையைப் பார்த்துவிட்டு வருவேன். பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம், மழையைப் பற்றிப் பேசுவோம். மழைத் தண்ணீரில் சந்தனம் கரைந்த அந்த வாசனையும் அந்தப் பாடாங்கும் எனக்கு ஒரு தடவை திரும்ப வேண்டும். பதினொரு லாரியையும் கொடுத்துவிடுவேன். அவள் அவருக்குக் கடிதம் எழுதியிருக்கலாமே என்று சில சமயம் தோன்றும். எழுதினாளோ என்னவோ. எழுதியிருந்தாலும் என்னிடம் கொடுத்து அனுப்பவில்லை.

வேன் போன அன்றைக்குச் சாயங்காலம் என் உள்ளங்காலில் முள் ஏறியிருந்தது. அத்தை படியில் உட்கார்ந்து, என் காலை மடியில் போட்டு, ஊக்கால் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“அவரு வேற ஏதும் சொன்னாராடா?”

என் ஞாபக சக்தியைக் காட்ட நல்ல சந்தர்ப்பம். இன்னைக்கே வரணும் என்பதிலிருந்து போயிடுறேன் வரைக்கும் தங்கு தடையில்லாமல் ஒப்பித்தேன். “இதெல்லாம் விஷயம் இல்லையே அத்தை, அதான் சொல்லலை” என்றும் சொன்னேன்.

ஊக்கு அப்படியே நின்றது.

“நான் என்ன சொன்னேன்னு கேட்டாரா?”

“கேட்டாரு. ஒண்ணும் சொல்லலைன்னு சொன்னேன்.”

அத்தை என்னைத் திட்டவில்லை. காதைத் திருகவில்லை. மறுபடி குனிந்து, கடைசி முள்ளையும் வலிக்காமல் எடுத்தாள். எடுத்த பிறகும் காலை விடவில்லை. என் பாதத்தில் ஏதோ சொட்டுச் சொட்டாக வெதுவெதுப்பாக விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் அத்தை அழுதுகொண்டிருந்தாள்.

முள் குத்தியது எனக்கு, அழுவது அத்தை! என் மேல் அவளுக்கு எவ்வளவு பாசம் என்று மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.