செவுள் சிவந்த முப்பது மீன்கள்

காசிமேட்டுப் பூனைகளை லேசில் ஏமாற்ற முடியாது. ஐஸ் வைத்த மீனா, இன்றைக்கு வந்த மீனா என்று தெருமுனையிலிருந்தே சொல்லிவிடும் ஜாதி அவை. அப்பேர்ப்பட்ட பூனைகள் ஐந்து, அந்த வெள்ளிக்கிழமை காலையில் நர்மதாவின் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாகக் குந்திக்கொண்டு, கொடியில் தொங்கிய துணி மீன்களைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தன.

"அத்த! சீக்கிரம் மேல வா அத்த! பூனைங்க நெஜ மீனுன்னு நென்ச்சிகினு வந்து குந்திகினு கீதுங்க!" என்று நர்மதா குதித்தாள்.

மாமியார் கோவிந்தம்மா மீன் கூடையை வாசலிலேயே போட்டுவிட்டு மூச்சிரைக்க ஏறி வந்தாள். பூனைகளைப் பார்த்தாள். துணி மீன்களைப் பார்த்தாள். "யம்மாடி! என் கூடையில உயிரு மீனு கீது, ஒரு பூனகூட ஏறெடுத்துப் பாக்கல. இங்க வந்து நிக்குதுங்க பாரு. கைவேலன்னா இதாண்டி!" என்றவள், சும்மா இருப்பாளா? கொடியிலிருந்து ஒரு சங்கரா மீனை உருவி மடியில் கட்டிக்கொண்டு, தெருவெல்லாம் காட்டிவிட்டு வரக் கிளம்பிவிட்டாள்.

நர்மதாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பாவாது. ஒன்பது வருடம் இறால் கொட்டகையில் உட்கார்ந்து இறால் உரித்தவள் அவள். ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெந்துபோயிருக்கும். ரசம் சோறு பிசைந்தால் உயிர் போகும். புருஷன் நிதிஷ் போட்டில் போனால் திரும்ப இரண்டு வாரம் ஆகும். அந்த நாட்களில்தான் சீராக வந்த தையல் மெஷினில் அவனுடைய கிழிந்த கைலியை வெட்டி, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒரு வவ்வால் மீன் தைத்தாள். நீல மீன், பித்தான் கண். கோவிந்தம்மா அதைக் கையில் வாங்கி, முப்பது வருடம் மீன் விற்ற பழக்கத்தில் கட்டைவிரலால் செவுளைத் தூக்கப் பார்த்தாள். செவுள் தூக்கவரவில்லை.

"இன்னாடி மீனு இது? செவுளு சேப்பா இல்லன்னா எவ வாங்குவா?"

அன்றிலிருந்து நர்மதா தைக்கும் ஒவ்வொரு மீனுக்கும் தூக்கிப் பார்க்கிற மாதிரி ஒரு செவுள் மடிப்பு. அதற்கு அடியில் சிவப்புத் துணி. பழைய பள்ளிக்கூடப் பேண்ட் சுறாவானது, ரோஜா நிற நைட்டி சங்கராவானது. குழந்தைகள் செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தே சொக்கிப்போயின.

அப்படி ஒரு குழந்தையின் கையில் பார்த்துத்தான் ஆலிஸ் மிஸ் தேடி வந்தார். திருவொற்றியூரில் மழலையர் பள்ளி நடத்துகிறவர். முப்பது மீன் கேட்டார். "வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கொண்டு வாங்க. வாயில வைக்கிற வயசு, சுத்தமா இருக்கணும். பிள்ளைங்களுக்குப் பிடிச்சுதுன்னா மாசா மாசம் நீங்கதான்" என்றார். கொட்டகை மேஸ்திரி எத்திராஜும் அதே வெள்ளிக்கிழமையைத்தான் கெடு வைத்திருந்தார். மீன் தைக்க லீவு போட்டிருந்தவள் சாயங்காலத்துக்குள் திரும்ப வருகிறேன் என்று சொல்லாவிட்டால் அவளுடைய மணை, அதாவது உட்கார்ந்து உரிக்கிற அந்தச் சின்னப் பலகை, வேறு ஆளுக்குப் போய்விடும். ஆக, நர்மதாவின் பத்து விரல்களும் அந்த முப்பது மீன்களை நம்பியிருந்தன.

ஒன்பது மணிக்கு மெஹ்னாஸ் வந்தாள். வண்ணாரப்பேட்டையில் நைட்டி வெட்டுகிற வேலை. வெட்டி விழுகிற துணித் துண்டுகளை மூட்டை கட்டிக்கொண்டுவந்து தருகிற தோழி. மாடிப்படியில் பாதி ஏறியவள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினாள்.

"யா அல்லாஹ்! இன்னா நர்மதா, கருவாடு காயப் போட்டுகினு கீறியா?"

"கருவாடா? எங்க கீது?"

மெஹ்னாஸ் கொடியிலிருந்து ஒரு மீனை எடுத்து அமுக்கி மோந்தாள். "இதாம்மே நாறுது! உள்ள இன்னா அடைச்ச?"

கிழிந்த வலை. துறைமுகத்தில் தூக்கிப் போட்ட நைலான் வலையை அள்ளிவந்து, சோடா போட்டு மூன்று தரம் அலசி, பொடிப் பொடியாக நறுக்கி அடைத்திருந்தாள். அமுக்கினால் பஞ்சைவிட ஜோராக உப்பி வரும். நர்மதா மோந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்தது. எதிர்வீட்டுப் பட்டம்மாளைக் கூப்பிட்டார்கள். அவளும் இழுத்து மோந்துவிட்டு, "மல்லி கணக்கா கீது" என்று சர்டிபிகேட் கொடுத்தாள். காசிமேட்டில் பிறந்த மூக்குக்கு மீன் நாற்றம் என்று ஒன்று உண்டா என்ன? காற்றே அதுதானே!

நர்மதா கைப்பிடிச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். "அப்போ அந்தப் பூனைங்க என் கைவேலைய பாத்து வர்லியா?"

"வலைய மோந்துகினு வந்துருக்குதுங்க. அழாத, கத்திரிய எடு. மூக்கு நான் தர்றேன், கை நீ குடு."

பிறகு அந்த மாடி பட்ட பாடு இருக்கிறதே! கொடியில் இருந்ததையெல்லாம் பிரித்து, வலையை உருவி, மீன்களின் துணித் தோலை எலுமிச்சையும் சோப்பும் போட்டு வெந்நீரில் அலசி உதறினார்கள். பங்குனி வெயில் அன்றைக்குத்தான் உதவியது. ஒரு மணி நேரத்தில் மொறமொறவென்று காய்ந்தது. மெஹ்னாஸின் மூட்டைத் துணியைப் பட்டம்மாள் நறுக்க, நர்மதா அடைத்து அடைத்துத் தைத்தாள். முடித்த ஒவ்வொரு மீனையும் மெஹ்னாஸ் மோந்து "பாஸ்" என்று சொல்லிப் பைக்குள் போட்டாள். பூனைகள் ஒவ்வொன்றாக எழுந்து நடையைக் கட்டின. அதைப் பார்த்து மூன்று பேரும் கைதட்டினார்கள்.

ஊர்வலம் முடிந்து கோவிந்தம்மா திரும்பியபோது மணி மூன்று. மடியிலிருந்த சங்கராவைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டாள். நடந்த கலாட்டா அவளுக்குத் தெரியாது. மெஹ்னாஸின் மூக்கோ, ஆறு மணி நேரத்தில் காசிமேட்டு மூக்காகவே மாறிப்போயிருந்தது. எண்ணினார்கள், முப்பது இருந்தது. நர்மதாவும் மெஹ்னாஸும் கோவிந்தம்மாவும் ஆட்டோவில் ஏறிவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் பையைக் கவிழ்த்ததும் குழந்தைகள் போட்ட கூச்சலில் ஆலிஸ் மிஸ் காதைப் பொத்திக்கொண்டார். சுறாவுக்கு ஒரு சண்டை, வவ்வாலுக்கு ஒரு சண்டை. நர்மதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்போது பார்த்து ஆலிஸ் மிஸ் மூக்கைச் சுளித்தார்.

மூலையில் ஜெஸ்லின் என்ற நாலு வயதுப் பெண், ரோஜா நிறச் சங்கராவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ஆலிஸ் மிஸ் குனிந்து மோந்தார். "இது நாறுதேம்மா!"

கோவிந்தம்மா மெல்ல வாயைப் பொத்தினாள். நர்மதாவுக்குப் புரிந்துவிட்டது. "மிஸ், அது ஒண்ணு தப்பி வந்துருச்சி. வேற தைச்சித் தர்றேன். குடு கண்ணு."

"தர மாட்டேன்!" ஜெஸ்லின் மீனை இன்னும் இறுக்கினாள். "இது எங்கப்பா வாசன!"

"அவங்கப்பா போட்டுல போயி பன்னெண்டு நாளாச்சு" என்று ஆலிஸ் மிஸ் மெதுவாகச் சொன்னார். "காலையில வந்து விட்டா மத்தியானம்வரைக்கும் அழும். இன்னிக்குத்தான் வாயைத் திறந்து பேசுது."

நர்மதா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணீரைத் துடைக்கவும் தோன்றவில்லை. இந்தப் பிள்ளையும் தன் ஜாதி மூக்கோடு பிறந்தது என்று நினைக்க நினைக்க நெஞ்சு பொங்கியது.

"அதை அவளே வச்சிக்கட்டும். அடுத்த மாசம் நண்டும் இறாலும் கொண்டு வாங்க. ஆனா நாறக் கூடாது" என்று ஆலிஸ் மிஸ் சிரித்தார்.

அந்த நேரம் பார்த்து எத்திராஜிடமிருந்து போன் வந்தது. "இன்னாமே, நாளைக்கு வர்றியா இல்லியா?"

"எத்திராஜண்ணே, என் மணைய வேற ஆளுக்குக் குடுத்துடு. இனிமே துணி இறாதான்!" என்று நர்மதா கத்தினாள். மெஹ்னாஸ் அவளை அப்படியே கட்டிக்கொண்டாள்.

மூலையில் ஜெஸ்லின் கட்டைவிரலால் சங்கராவின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.

"புது மீனு மிஸ்" என்றாள்.