மல்வேர்னில் நாங்கள் குழைத்த பனிமனிதன்

எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் காற்றடித்த பனிமனிதன் ஒன்றை நட்டு வைத்திருக்கிறார்கள். இரவில் கரண்ட் கொடுத்தால் எழும்பி நிற்கும். பகலில் கழற்றிப் போட்ட வேட்டி மாதிரிக் கிடக்கும். சுற்றிவர முழங்கால் அளவு ஸ்நோ. அதில் ஒரு பிடி அள்ள ஆளில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

நாங்களும் ஒன்று செய்தோம், கேளுங்கள். இந்த நாட்டுக்கு வந்த புதிது. மல்வேர்னில் ஒரு அப்பார்ட்மென்ற். நான், ராசன், சீலன் மூன்று பேரும் ஒரே அறையில், ஒரே பக்ரறியில் வேலை. குகன் மட்டும் பஸ் பிடித்து வருகிற தூரத்தில், மோர்னிங்சைட்டில் அக்கா வீட்டில் இருந்தான். அன்றைக்குப் பனிப்புயல். பஸ் ஓடவில்லை, வேலையும் இல்லை. ராசன் போனை எடுத்து, "டேய் குகன், பனியிலை ஆள் செய்யப்போறம், வாறியே?" என்றான். குகன் அவ்வளவு தூரமும் நடந்தே வந்தான், கண் இமையெல்லாம் பனியோடு. வந்ததும் கேட்டது, "தேத்தண்ணி இருக்கே?"

உருட்டினால் ஸ்நோ ஒட்டவில்லை, மாவாக உதிர்ந்தது. ஒட்டுகிற ஸ்நோ வேறு, ஒட்டாத ஸ்நோ வேறு என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? வீட்டில் புட்டு அவிப்பவன் ராசன். "தண்ணி தெளிச்சுக் குழைக்கோணுமடா," என்றான். வாளியும் கையுமாக லிஃப்டில் ஏறி இறங்கினோம். குழைத்ததெல்லாம் கல்லாகிவிட்டது. நடு உருண்டையைத் தூக்க நாலு பேரும் மூச்சுப் பிடித்தோம். தலையை, சீலனின் தோளில் ஏறி நின்று குகன் வைத்தான். அக்கம்பக்கத்தில் மற்றப் பனிமனிதர்கள் எல்லாம் கரைந்த பிறகும் எங்களுடையது அசையாமல் நின்றது. அன்று ஹீற்றரில் காயப்போட்ட கையுறைகளின் புளித்த மணமும் ராசனின் புட்டு மணமும் சேர்ந்தே என் மூக்கில் இருக்கின்றன.

பிறகு என்ன, கலியாணம், வீடு, அதைவிடப் பெரிய வீடு. போன பனிக்காலத்தில் ராசன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். புற்றுநோய் அவனைப் பாதியாக்கியிருந்தது. யன்னலுக்கு வெளியே ஸ்நோ கொட்டிக்கொண்டிருந்தது.

"மச்சான், உவங்கள் ரெண்டு பேரையும் வரச்சொல்லன். கீழை நிண்டு ஒண்டு உருட்டுங்கோ. நான் இஞ்சையிருந்து பாக்கிறன்."

வேறொன்றும் அவன் கேட்கவில்லை. நான் அறைக்கு வெளியே நின்று போன் எடுத்து, அவன் கேட்டதைச் சொன்னேன். குகன், "ரோட்டு சரியில்லை மச்சான், சனிக்கிழமை பாப்பம்," என்றான். அவன் வைத்திருக்கிற வாகனம் மலையும் ஏறும். சீலன் வட்ஸ்அப்பில் ஒரு பெருவிரலை அனுப்பினான். அதற்கு என்ன அர்த்தமோ.

தனியாக இறங்கி உருட்டினேன். அடி உருண்டை வந்தது. நடு உருண்டையைத் தூக்கப் போய் இடுப்பு பிடித்துக்கொண்டது. மேலே யன்னலில் ராசன், போதும் வா என்று கையைக் காட்டினான்.

"உவங்கள் வரேல்லையே?" என்றான், நான் மேலே போனதும்.

"சனிக்கிழமை வாறாங்களாம்."

"ஓம், சனிக்கிழமை எண்டால் நல்லது. அவங்களுக்கும் லீவுதானே," என்றான்.

புதன்கிழமை ராசன் போய்விட்டான். சொன்ன சொல் தவறாமல் இரண்டு பேரும் சனிக்கிழமை வந்தார்கள், ராசனைக் கிடத்தியிருந்த மலர்ச்சாலைக்கு, ஆளுக்கொரு மாலையோடு. குகன் என் தோளில் கைபோட்டு, "இவ்வளவு கடுமை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அண்டைக்கே ஓடி வந்திருப்பன் மச்சான்," என்று அழுதான். அந்தக் கையை எடுத்துவிட்டுத் தள்ளி நின்றேன். ராசனையாவது பார்வைக்கு வைத்தார்கள். புயலில் நடந்து வந்த அந்தக் குகன் எப்போது போனான் என்றே எனக்குத் தெரியாது.