உறைந்துபோன தடுப்பூசி

மரக்காணத்தில் மீன் விற்ற செலஸ்டீனா, தடுப்பூசிப் பெட்டி சுமக்கும் வேலைக்கு வந்த முதல் வாரம், மீன்பெட்டிக்குச் செய்வதுபோல ஐஸ் மேல் கல்லுப்பு தூவினாள். குளிர் மிகுந்து ஹெபடைட்டிஸ் பி மருந்து உறைந்துவிட்டது. உப்பளத் தொழிலாளி தேன்மொழிக்கு அன்று காலை பிறந்த குழந்தைக்கான மருந்து அது. தாய்க்கு அந்தக் கல்லீரல் தொற்று இருந்ததால், ஒரு நாளுக்குள் ஊசி போட்டாக வேண்டும்.

"இன்னாக்கா, வஞ்சிரமா கொண்டாந்திருக்க?" என்றாள் நர்ஸ் ஷாலினி. "கிருமியோட மேலுறைப் புரதம் இதுல இருக்குது. அதை வச்சிதான் உடம்பு கிருமிய அடையாளம் தெரிஞ்சிக்கும். உறைஞ்சா வேலைக்கு ஆவாது."

செலஸ்டீனா உடனே திண்டிவனம் பஸ் ஏறினாள். மாலைக்குள் அதே மருந்தில் உறையாத இன்னொரு குப்பியோடு திரும்பினாள். ஊசி போட்டார்கள்.

குழந்தைக்கு ஒரு வயதானபோது ரத்தம் பரிசோதித்தார்கள். தொற்று இல்லை, எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று வந்தது. அந்தத் தாளை ஷாலினியிடம் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள் செலஸ்டீனா.