வாங்க என்று கேட்காத வீடு

"அறுவை முடிந்த நாயை ஆறு வாரத்துக்கு ஓடவோ குதிக்கவோ விடக்கூடாது. வீட்டுக்கு வருகிறவர்களால் அதற்குப் பரபரப்பு உண்டாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்."

கால்நடை மருத்துவர் கொடுத்த தாளில் இருந்த விதி இது. எழுதியவர் காரைக்குடியில் குடியிருந்தவராகத் தெரியவில்லை. இங்கே வாசலில் யார் கால் வைத்தாலும், வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தனித்தனியாக "வாங்க" என்று கேட்டாக வேண்டும்; வரவேற்பதற்கு இங்கே 'கேட்பது' என்றுதான் பெயர். ஒருவர் கேட்டது இன்னொருவர் கணக்கில் சேராது.

எங்கள் நாய் இந்த முறையை எங்களைவிட நன்றாகக் கற்றிருந்தது. "வாங்க" என்ற குரல் எழுந்ததும் கூடத்தைத் தாண்டிப் பாய்ந்து, வந்தவர் மார்பில் முன்னங்கால்களை வைத்துத் தானும் கேட்டுவிடும். அப்படி வாசலையும் தாண்டிப் பாய்ந்த ஒரு நாள் தெருவில் பைக்கில் அடிபட்டு, பின்னங்காலில் தகடு வைக்க வேண்டியதாயிற்று. மறுபடி பாய்ந்தால் தகடு பிடுங்கிக்கொள்ளும், காலே போனாலும் போகும் என்றார் மருத்துவர். எங்கள் தரையோ ஆத்தங்குடிக் கல். மனிதனுக்கே வழுக்கும்.

பணிக்காலம் முழுவதும் கோப்புகளோடு இருந்தவன் நான், திட்டமிட்டுச் செய்தேன். தரையெங்கும் ஜமக்காளம் விரித்தேன். நாய்க்குப் பொழுது போக, பழைய வேட்டிக்குள் அவித்த கோழித் துண்டுகளைச் சுருட்டிக் கொடுத்தேன். மூக்கால் பிரித்துத் தின்றுவிட்டு வேட்டியை என் பக்கம் தள்ளியது, அடுத்த கோப்பு எங்கே என்பதுபோல. கடைசியாக ஓர் ஆணை: கால் தேறும்வரை யாரும் "வாங்க" சொல்லக்கூடாது, கைகூப்பிச் சிரித்தால் போதும். காரணத்தையும் எழுதி வாசலில் ஒட்டினேன்.

"ஆபீஸ்ல நீங்க போட்ட ஆர்டரையே யாரும் மதிச்சதில்ல" என்றாள் மனைவி. "எங்க அண்ணன் வந்தா நீங்களே பதில் சொல்லிக்கங்க."

அண்ணன் வந்தார், தேவகோட்டையிலிருந்து, கையில் மாம்பழப் பையோடு. நாங்கள் இருவரும் கைகூப்பிச் சிரித்தோம். அவர் நிலைப்படியிலேயே நின்றார்.

"என்ன மாப்ள, ஊமையாகிட்டீகளா?"

நான் ஒட்டியிருந்த தாளைக் காட்டினேன்.

"இதைப் படிக்கவா பஸ் ஏறி வந்தேன்?"

"அண்ணே, சத்தம் கேட்டா நாய் எந்திரிச்சிரும்ணே" என்று மனைவி கிசுகிசுத்தாள்.

"ஓகோ, நாய்க்காகத்தான் என்னைய வாங்கன்னு கேக்கலை. ரொம்பச் சந்தோசம்."

மாம்பழங்களை அங்கேயே வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். நாய் ஒரு காதை மட்டும் தூக்கிவிட்டு மறுபடி படுத்தது. விதி வென்றது. அன்று எனக்கு ரசம் ஆறித்தான் வந்தது.

மருத்துவரின் தாளைப் படமெடுத்து, விளக்கமும் எழுதி மச்சானின் கைப்பேசிக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் நீல டிக்தான்.

"அப்படியே ஒரு மெமோவும் குடுத்துப் பாருங்களேன்" என்றாள் மனைவி, மாம்பழத்தை நறுக்கிக்கொண்டே.

கெடு முடிந்து எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு கூடிவிட்டது, வாரில் பிடித்து மெதுவாக நடத்தலாம் என்றார் மருத்துவர். நாய் நேராக வாசலுக்கு நடந்துபோய், தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. யாரும் வரவில்லை. எக்ஸ்ரே படத்தையும் மச்சானுக்கு அனுப்பிவைத்தேன்.

"கால் நல்லா ஊணுதா? ஞாயித்துக்கெழமை வாரேன். மொதல்ல நாயைக் கட்டுங்க, பெறகு என்னைய வாங்கன்னு கேளுங்க" என்று பதில் வந்தது ஆடிப் பதினெட்டு அன்று.