திரும்பி வந்தவர்கள்

டேனிஷ் ஐந்நூறு குரோனர் தாளில் படம் போட்டிருந்தார்களே, அந்த இயற்பியல் மேதையை எனக்குப் பத்து வயதில் அறவே பிடிக்காது. நாங்கள் குடியிருந்த டேனிஷ் ஊரான ஸ்கீவவில், எங்கள் வகுப்பில் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு தலைப்புக் கொடுத்தார்கள். பக்கத்து மேசைக்காரிக்கு இடைக்கால அரசர்களின் வல்லூறு வேட்டை விழுந்தது. எனக்கு இந்த மனிதர். நான் அழுத அழுகையைப் பார்த்து ஆசிரியை இரண்டையும் சேர்த்தே எழுத விட்டார்.

சேர்த்தேன். தோலுறை போட்ட கையிலிருந்து ஏவிவிட்ட வல்லூறு, இரையை அடித்துவிட்டு அந்தக் கைக்கே திரும்பி வரும். மேதையும் ஜெர்மன்காரன் பிடிக்க வந்தபோது இரவோடிரவாக மீன்பிடிப் படகில் சுவீடனுக்குத் தப்பிப் போனார். போர் முடிந்ததும் கொப்பன்ஹேகனுக்கே திரும்பி வந்தார். ஆகவே போனதெல்லாம் திரும்பி வரும். பத்து வயதில் இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு என்ன வேண்டும்? எல்லாவற்றையும் எழுதி ஒட்டிய மட்டையின் தலையில் கொட்டை எழுத்தில் 'திரும்பி வந்தவர்கள்' என்று டேனிஷில் தலைப்புப் போட்டேன். பல வல்லூறுகள் திரும்பி வருவதில்லை, தேடிப் பிடிக்கத்தான் காலில் மணி கட்டினார்கள் என்று ஆசிரியை ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. றப்பரால் அழித்துவிட்டேன்.

வீட்டில் அந்த மட்டைக்கு நல்ல மரியாதை. அது 2009 மே மாதம். அம்மாவின் ஒரே தம்பி, எங்கள் மாமா, இலங்கையில், வன்னியில் சண்டை நடந்த கடைசித் துண்டு நிலத்துக்குள் அகப்பட்டிருந்தார். கிழமைக்கணக்காக அவரிடமிருந்து சத்தமே இல்லை. அம்மா முதியோர் இல்லத்து வேலையால் வந்து, உடுப்பும் மாற்றாமல், என்னை வாசிக்கச் சொல்லுவார். வல்லூறு அவருக்கு வேண்டாம். படகும் திரும்பி வந்ததும்தான் வேண்டும். பாதி விளங்கியும் விளங்காமலும் தலையாட்டிக்கொண்டு, சண்டை முடிந்ததும் அந்த மனிதர் வந்துவிட்டாரோ என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். குடும்பத்தோடு வந்துவிட்டார் என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்லுவேன்.

ஒரு திங்கட்கிழமை பள்ளியால் வந்து தொலைக்காட்சியைப் போட்டால், இலங்கையில் போர் முடிந்துவிட்டது என்கிறார்கள். அம்மாவும் அப்பாவும் வேலையில். எனக்குத் தலைகால் புரியவில்லை. போர் முடிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஜெர்மன்காரன் தோற்ற நாளை நினைத்து, மே நாலாம் திகதி பின்னேரம் இந்த ஊரார் யன்னல்களில் மெழுகுதிரி ஏற்றுவார்கள். இரண்டு கிழமைக்கு முன்னர்தான் எங்கள் தெருவில் பார்த்திருந்தேன். வீட்டில் கிடந்த மெழுகுதிரிகளையெல்லாம் பொறுக்கி, தெருப்பக்க யன்னலில் வரிசையாக ஏற்றிவைத்தேன்.

முதலில் கண்டது எதிர்வீட்டு டேனிஷ் அம்மையார். தன் தோட்டத்துத் துலிப் பூக்களை வெட்டிக்கொண்டு வந்து, உங்கள் நாட்டிலும் முடிந்துவிட்டதாமே என்று என் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்தினார். வாழ்த்தாம்! நானும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கினேன்.

அம்மா பஸ்ஸால் இறங்கியதுமே யன்னலைக் கண்டிருக்கிறார். அந்த நாட்களில் எங்கள் சனம் மெழுகுதிரி பிடித்தது செத்தவர்களுக்காகத்தான். கதவைத் திறந்தவர், சப்பாத்தும் கழற்றாமல் வாசலிலேயே இருந்துவிட்டார்.

"ஆர் போன் எடுத்தது? தம்பியின்ர செய்தி வந்திட்டுதோ?"

ஒருவரும் எடுக்கவில்லை, சண்டை முடிந்துவிட்டது, இனி மாமா வந்துவிடுவார் என்றேன். சந்தோஷப்படுவார் என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா எழும்பிப் போய், ஒவ்வொரு திரியாக விரலால் நசுக்கி அணைத்தார். சுட்டிருக்கும். துலிப் பூக்களைக் குப்பைக்குள் போட்டார்.

"செய்தி வராமல் ஆருக்கும் விளக்கேத்தக் கூடாது," என்றார்.

வீடு பற்றிவிடும் என்ற பயத்தில் ஏசுகிறார் என்றுதான் நினைத்தேன்.

இப்போதும் மே மாதத்தில் பக்கத்து ஊர்களான விபோர்க்கிலிருந்தும் ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்தும் சனம் வந்து, மண்டபத்தில் கூடித் தங்கள் ஆட்களுக்கு விளக்கேற்றுகிறது. அம்மா போவதில்லை. மாமாவின் படத்துக்கு மாலையும் இல்லை, திவசமும் இல்லை. போர் முடிந்த செய்தி எல்லா நாட்டுத் தொலைக்காட்சியிலும் வந்தது. மாமாவின் செய்தி எங்கிருந்தும் வரவில்லை. இரண்டும் ஒன்றென்றுதான் அன்றைக்கு நான் நினைத்திருந்தேன்.